போட் ஹைட்ரோலிக் ஸ்டியரிங்கில ஒயில் கசிவும் காத்தும்: ஊத்தி ஓடுறதா, சீல் மாத்திறதா, சிலிண்டரையே மாத்திறதா, கேபிளுக்குப் போறதா?

சோழகம் தொடங்கினா இந்தக் கேள்வி கூட வரும். வீலைத் திருப்பினா மெத்தெண்டு கிடக்கு, கையை விட்டாக் கொஞ்சம் திரும்பி வருது, பின்னுக்கு சிலிண்டரடியில ஒயில் கசியுது, மெக்கானிக் ஒராள் ஒயிலை ஊத்திக் காத்தை எடுத்தாச் சரியெண்டுறார், இன்னொராள் சிலிண்டரைக் கழட்டி எறியச் சொல்லுறார், மூண்டாவது ஆள் உந்த ஹைட்ரோலிக் எல்லாம் எங்கட உப்புக்குச் சரிவராது கேபிளைப் போடு எண்டுறார், இதில ஆரைக் கேக்கிறது எண்டு. மூண்டு பேரும் பொய் சொல்லேல்லை. அவையவை தாங்கள் கண்ட போட்டுகளை வைச்சுச் சொல்லினம். உங்கட போட்டில என்ன நடக்குது எண்டதைத்தான் முதல்ல பிடிக்கோணும்.

நான் இங்க கதைக்கிறது அவுட்போட் மோட்டர் பூட்டி வீல் வைச்ச ஃபைபர் போட்டுகளைப் பற்றி. யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவானில இருந்து தீவுகளுக்கு ஆக்களை ஏத்துற சின்னப் போட்டுகள், சுற்றுலாவுக்கு ஓடுறதுகள், பெரிய மோட்டர் போட்டுத் தொழிலுக்குப் போறதுகள். டீசல் எஞ்சின் உள்ளுக்க வைச்ச பல நாள் கலங்களில சுக்கானுக்குப் போற ஹைட்ரோலிக்கும் இதே அடிப்படைதான், ஆனா சாமான் பெருசு, வேலையும் வேற.

## எதை வைச்சு முடிவெடுக்கிறது

ஒண்டு, ஒயில் எதால வெளியில வருது. ரெண்டு, சிலிண்டருக்குள்ளால போற ரொட் எப்பிடிக் கிடக்கு. மூண்டு, மோட்டர் எத்தினை குதிரைவலு. நாலு, போட்டில ஆர் ஏறினம், எவ்வளவு தூரம் போறது. அஞ்சு, போட் எத்தினை நாள் கரையில நிண்டா உங்களுக்குத் தாங்கும், ஏனெண்டா சாமான் கொழும்பில இருந்து வரோணும், அங்கயும் இல்லாட்டி வெளிநாட்டில இருந்து வரோணும். விலை ஆறாவதுதான். விலையை முதல்ல வைச்சுப் பாக்கிற ஆக்கள் கனபேர் ஒரே வேலைக்கு ரெண்டு தரம் காசு குடுக்கினம்.

சிஸ்டம் சிக்கலானதில்லை. வீலுக்குப் பின்னால இருக்கிற ஹெல்ம் பம்ப் எண்டுறது சின்னச் சின்னப் பிஸ்டன் வைச்ச கைப்பம்ப், ஒயில் நிக்கிற இடமும் அதுக்குள்ளதான். அதில இருந்து ரெண்டு ஹோஸ் பின்னுக்குப் போகும். வீலைத் திருப்ப ஒரு ஹோஸால ஒயில் போகும், மற்றதால திரும்பி வரும், சிலிண்டர் நகர மோட்டர் திரும்பும். பம்புக்குள்ள ஒயிலைத் திரும்பி வர விடாத செக் வால்வ் இருக்கிறபடியாத்தான் கையை விட்டாலும் மோட்டர் நிண்ட இடத்தில நிக்குது. ஒயில் அமுங்காது, காத்து அமுங்கும். லைனில காத்து நிண்டா நீங்கள் திருப்பிறதில ஒரு பங்கு காத்தை அமத்தவே போயிடும், மோட்டருக்குப் போகாது. அந்தக் காத்து சும்மா வந்து பூராது, ஒயில் போன இடத்துக்குத்தான் அது வருது. அதால காத்தை மட்டும் எடுத்துப்போட்டு ஒயில் போன ஓட்டையைப் பாக்காமல் விட்டா, நாலு நாளில திரும்பவும் அதே மெத்தெண்ட வீல்தான்.

## லீக்கைப் பிடிக்கிறது

இதுக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கோ, எந்த வழிக்குப் போனாலும் இந்த அரை நாள் வீண் போகாது. முழுதையும் சவுக்காரத் தண்ணியால கழுவித் துடைச்சுக் காயவிட்டுப்போட்டு, வீலுக்குப் பின்னால, ஒவ்வொரு ஹோஸ் பிற்றிங்குக்கும் கீழ, சிலிண்டரின்ர ரெண்டு அந்தத்துக்கும் கீழ வெள்ளைக் கடதாசி வையுங்கோ. ஒராள் வீலை ஒரு பக்கம் முட்டத் திருப்பி, முட்டின பிறகும் கொஞ்சம் பலமா அமத்திப் பிடிக்கோணும், அப்பதான் லைனில பிரஷர் ஏறும். உந்த வழமையான பம்புகள் 1000 பிஎஸ்ஐ வரைக்கும் போகக் கூடிய சாமான், சும்மா நிக்கேக்க ஒழுகாத இடம் அமத்தேக்க ஒழுகும். மற்ற ஆள் பின்னுக்கு நிண்டு பாக்கோணும். பிறகு மற்றப் பக்கமும் அப்பிடியே.

வீலடியில கடதாசி நனைஞ்சா பம்பின்ர ஷாஃப்ட் சீல். பிற்றிங்கடியில நனைஞ்சா நட்டு இளகினது, இல்லாட்டி ஓ ரிங் எண்ட ரப்பர் வளையம் போனது, இதுதான் இருக்கிறதுகளுக்குள்ள மலிவான வருத்தம். ஹோஸ் தேஞ்சு ஒழுகிறது எங்கட பக்கம் கூட, ஏனெண்டா களப்புப் பக்கம் ஆழம் காணாது, மோட்டரைத் தூக்கித் தூக்கி ஓடுறது, ஒவ்வொரு தரம் தூக்கேக்கயும் ஹோஸ் பின்பலகையின்ர விளிம்பில உரஞ்சும். மோட்டரை முழுசாத் தூக்கிவிட்டு, ரெண்டு பக்கமும் திருப்பிவிட்டு, ஹோஸ் எங்க முட்டுது எண்டு கையை விட்டுத் தடவிப் பாருங்கோ. பம்ப் உயரத்தில இருந்து கீழ வாற ஹோஸ் நடுவில மேல வளைஞ்சு கிடந்தா அந்த வளைவிலயும் காத்து நிக்கும், எத்தினை தரம் எடுத்தாலும் லேசில வராது, ஹோஸை ஒழுங்கா இழுத்துக் கட்டோணும்.

சிலிண்டர் அந்தத்தில நனைஞ்சா ரொட்டைப் பாக்கோணும், இங்கதான் முடிவு கிடக்கு. மோட்டரை ஒரு பக்கம் முட்டத் திருப்பினா அந்தப் பக்க ரொட் முழுக்க வெளியில வரும். ஒயிலைத் துடைச்சுப்போட்டு, பெருவிரல் நகத்தை நிமிர்த்தி வைச்சு ரொட்டின்ர நீளத்துக்கு மெதுவா இழுத்துப் பாருங்கோ, பிறகு ரொட்டின்ர அடிப்பக்கத்தாலயும் ஒருக்கா, ஏனெண்டா கண்ணுக்குத் தெரியாத பக்கம் அதுதான், தண்ணி வடிஞ்சு நிக்கிறதும் அங்கதான். நல்ல ரொட்டில நகம் கண்ணாடியில போற மாதிரிப் போகும். ஊசிமுனையளவு குழி இருந்தாலே ஓரிடத்தில நகம் தட்டுப்பட்டு நிக்கும். அந்தக் குழி ஒவ்வொரு தரம் சீலுக்குள்ளால போகேக்கயும் சீலின்ர உதட்டை அரம் போட்ட மாதிரி அரியும். ஸ்டெயின்லெஸ் ரொட்டெண்டாலும் உப்புக் காஞ்சு கிடக்கிற இடத்தில குழி விழத்தான் செய்யும், மோட்டரை ஒரு பக்கம் திருப்பிவிட்டுக் கட்டிப்போட்டுப் போற போட்டுகளில வெளியில நீட்டிக்கொண்டிருந்த பக்கம்தான் முதல் போகும்.

காத்து இருக்கோ எண்டு பாக்கிறதுக்கு லேசான வழி ஒண்டு இருக்கு. பம்பின்ர மூடியைக் கழட்டிப்போட்டு வீலை முட்டத் திருப்பி அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஒயில் மட்டத்தைப் பாருங்கோ. மட்டம் நல்லா இறங்கி, விட்டவுடன ஏறி வந்தா உள்ளுக்க காத்து அமுங்கி விரியுது. அதே காரணத்தாலதான் சில போட்டுகளில மூடியால ஒயில் கொப்பளிச்சு வெளியில வாறது, அதைப் பாத்திட்டு ஒயில் கூடிப்போச்செண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம்.

வெளியில ஒரு சொட்டும் இல்லை, காத்தும் எடுத்தாச்சு, ஆனா வீல் முட்டின பிறகும் மெல்ல மெல்லச் சுத்திக்கொண்டே போகுது எண்டா லீக் உள்ளுக்க. ஒண்டில் பம்புக்குள்ள வால்வில ஊத்தை, இல்லாட்டி சிலிண்டருக்குள்ள பிஸ்டன் சீல் போயிருக்கு. ரெண்டு ஹோஸையும் பம்பில கழட்டி, அந்த ரெண்டு வாயையும் சரியான புரியுள்ள பிளக் போட்டு இறுக்கிப்போட்டு வீலைத் திருப்பிப் பாருங்கோ. வீல் இறுகி நிண்டா பம்ப் நல்லம், பிழை சிலிண்டரில. வீல் அப்பவும் சுத்தினாப் பம்பிலதான் பிழை. இதைச் செய்யாமல் சிலிண்டர் வாங்கினவை பழைய பிழையோடயே புதுச் சிலிண்டரை ஓட்டினம்.

## வழி 1: ஒயிலை ஊத்திக் காத்தெடுத்து ஓடுறது

லீக் இருந்த இடம் ஏற்கனவே அடைபட்டிட்டுது எண்டா இது சரியான வழி. இளகின நட்டை இறுக்கியாச்சு, ஹோஸ் புதுசாப் போட்டாச்சு, ஓ ரிங் மாத்தியாச்சு, அதுக்குப் பிறகு காத்தை எடுக்கத்தான் வேணும். லீக்கை வைச்சுக்கொண்டு இதைச் செய்யிறது போட்டைக் கரைக்குக் கொண்டு வாறதுக்கு மட்டும்.

காத்தெடுக்க ரெண்டு பேர் வேணும். பம்பின்ர மூடி வாயில ஒயில் போத்தலை ஒரு ரியூப்பால கவிட்டுப் பூட்டி, போத்தலுக்கு மேல சின்ன ஓட்டை போட்டுவிடுங்கோ, வேலை முடியுமட்டும் அதில ஒயில் வத்தக் கூடாது, வத்தினா எல்லாம் முதல்ல இருந்து. மோட்டருக்கு முன்பக்கம் பூட்டுற சிலிண்டரெண்டா வீலை வலப்பக்கம் முட்டத் திருப்பி, வலப்பக்க பிளீடரில, அதாவது சிலிண்டரில காத்தெடுக்கத் திறக்கிற வாயில, தெளிவான ரியூப் ஒண்டைச் செருகி ஒரு போத்தலுக்குள்ள விட்டு, பிளீடரைத் திறந்து, சிலிண்டர் அசையாமல் ஒராள் பிடிச்சுக்கொண்டு நிக்க மற்ற ஆள் வீலை இடப்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கோணும். முதல்ல வெள்ளை நுரையா வரும், பிறகு குமிழி குமிழியா வரும், கடைசியா ரியூப் முழுக்க அசையாத ஒயிலா நிக்கும், ஓடிக்கொண்டிருக்கேக்கயே பிளீடரை இறுக்கிப்போடுங்கோ. பிறகு மற்றப் பக்கம் இதே மாதிரி மாறி. கொம்பனிக்குக் கொம்பனி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், கையேட்டில இருக்கிறபடி செய்யுங்கோ. மேலயும் கீழயும் ரெண்டு வீல் வைச்ச போட்டெண்டா மேல் பம்பில இருந்துதான் தொடங்கோணும். ஒரு பம்ப் ஒரு சிலிண்டருக்கு ரெண்டு லீற்றர் கிட்ட ஒயில் கையில இருக்கட்டும்.

இதின்ர மறைஞ்ச செலவு ஒயிலிலதான் தொடங்குது. கொம்பனி சொல்லுற ஒயில் 15 ஆம் நம்பர் ஐஎஸ்ஓ தடிப்புள்ள மெல்லிய ஹைட்ரோலிக் ஒயில், அது எல்லாக் கடையிலயும் கிடையாது, அதால பக்கத்துக் கடையில இருக்கிற பிரேக் ஒயிலை ஊத்திறவை இருக்கினம். தயவு செய்து அதைச் செய்யாதேங்கோ. பிரேக் ஒயில் இந்தச் சீல் ரப்பரை ஊதப் பண்ணிப் பழுதாக்கும், பிறகு பம்பும் போகும் சிலிண்டரும் போகும், சின்னச் செலவு முழுச் செலவாயிடும். கடலில அந்தரப்பட்டு நிக்கேக்க ஓட்டோமெற்றிக் கியர் வாகனத்துக்கு ஊத்திற ஏரிஎஃப் ஒயில் கரை சேர்க்கும், ஆனா வந்தவுடன வடிச்சுக் கழுவி எடுத்துப்போடோணும்.

## வழி 2: சீல் கிட் வாங்கி மாத்திறது

ரொட்டில நகம் தட்டேல்லை, ஆனா ஒயில் கசியுது எண்டா இதுதான் வழி, வேற யோசிக்கத் தேவையில்லை. சீல் உப்பாலயும் மணலாலயும் தேயிற சாமான், தேஞ்சா மாத்திறதுதான். கிட் உள்ளங்கையளவு சாமான், கனடாவில இருந்தோ லண்டனில இருந்தோ ஆர் வந்தாலும் பாக்கில போட்டுக் கொண்டு வரலாம், சிலிண்டரை அப்பிடிச் சொல்லி அனுப்பேலாது.

எண் சரியா எடுக்கிறதுதான் பெரிய வேலை. சிலிண்டரில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை வடிவாத் துடைச்சுப் போனில படம் எடுத்து வையுங்கோ, அடுத்த வருசம் அது வெயிலில அழிஞ்சிடும். பழைய சிலிண்டரில டெலிஃப்ளெக்ஸ் எண்டு கிடந்தாப் பயப்பிடாதேங்கோ, அந்தக் கொம்பனியின்ர போட் சாமான் பிரிவு 2011 இல கைமாறி சீஸ்டார் எண்ட பேருக்கு வந்து, 2017 இல டொமெற்றிக் வாங்கினது, அதால இப்ப கிட் டொமெற்றிக் பெட்டியில வரும்.

செய்யேக்க கவனிக்க வேண்டியது: அந்தத்து மூடியைக் கழட்ட முள்ளு வைச்ச சாவி வேணும், உளியும் சுத்தியலும் வைச்சுத் தட்டினா மூடி பழுதாகும். புதுச் சீலை ரொட்டின்ர புரிக்கு மேலால தள்ளேக்க புரியில ரேப் சுத்தி ஒயில் பூசித் தள்ளுங்கோ, இல்லாட்டிப் புரி சீலை வெட்டும், போட்ட அண்டைக்கே ஒழுகும். ஒரு பக்கம்தான் ஒழுகுது எண்டாலும் ரெண்டு பக்கமும் மாத்துங்கோ. பம்பின்ர ஷாஃப்ட் சீலெண்டா வீலைக் கழட்டோணும், ஷாஃப்ட் கூம்பு மாதிரி இறுகிக் கிடக்கும், புல்லர் போட்டுத்தான் எடுக்கோணும், சுத்தியலால அடிச்சாப் பம்புக்கு உள்ளுக்க அடி விழும். பிற்றிங்குகளுக்கு ரெஃப்லோன் ரேப் சுத்தவே கூடாது, பிஞ்ச துண்டு ஒண்டு வால்வுக்குள்ள போனாக் காணும், வீல் பிடிக்காது. புரிப் பிற்றிங்குக்குப் பசை மாதிரி வாற சீலன்ற் பூசுங்கோ, முன்னுக்கு இருக்கிற ரெண்டு புரியை விட்டுவிட்டு. ஓ ரிங் பிற்றிங்குக்கு ஒண்டும் பூசத் தேவையில்லை.

பெயரிங் கடையில அதே அளவுச் சீல் கிடைக்கும் எண்டு சொல்லுவினம், ஓம், சில நேரம் அளவு வரும். ஆனா ரொட்டில இருந்து உப்பையும் மணலையும் வழிக்கிற வைப்பர் சீல் தனி, அதில்லாமல் உள்ளுக்க நல்ல சீல் போட்டும் பிரயோசனம் இல்லை. தனியத் தொழிலுக்குப் போற ஆள் கிட் வருமட்டும் அப்பிடிச் சமாளிக்கலாம், ஆக்களை ஏத்திற போட்டுக்கு நான் அதை ஒத்துக்கொள்ளமாட்டன்.

மறைஞ்ச செலவு: கிட் வருமட்டும் போட் கரையில. அதோட ரொட்டைச் சரியாப் பாக்காமல் மாத்தினா, புதுச் சீல் சோழகம் முடியமுதல் போயிடும்.

## வழி 3: சிலிண்டரை, இல்லாட்டிப் பம்பை, முழுசா மாத்திறது

ரொட் குழி விழுந்ததெண்டா வேற வழியில்லை. லேத்தில குடுத்து ரொட்டை மினுக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை, குழியை எடுக்க மினுக்கினா ரொட் மெலியும், மெலிஞ்சாப் பழைய சீல் பிடிக்காது. குறோம் பூசினாலும் எங்கட உப்புக்குள்ள அது உரிஞ்சா முந்தினதை விடக் கேடு. மாதிரியைப் பொறுத்து ரொட் தனியவும் எடுக்கலாம், அதைக் கேட்டுப் பாருங்கோ, ஆனா அதோட கிட், கூலி எல்லாத்தையும் கூட்டினாப் புதுச் சிலிண்டருக்குக் கிட்ட வந்திடும்.

வாங்கேக்க மோட்டர் வலுவைப் பாருங்கோ. உதாரணமா பேஸ்டார் எண்ட மலிவான செட் 150 குதிரைவலு வரைக்கும்தான், அதுக்கு மேல சீஸ்டார் மாதிரிப் பெரியது வேணும். பாவிச்ச சிலிண்டர் வெளிநாட்டில இருந்து வந்து கிடக்குது மலிவு எண்டு ஆரும் சொன்னா, நகத்தை இழுத்துப் பாத்திட்டுக் கதையுங்கோ.

மறைஞ்ச செலவு இங்க கூட. சிலிண்டரின்ர தாங்கு ரொட் மோட்டரின்ர ரில்ற் ரியூப்புக்குள்ளால, அதாவது மோட்டரைத் தூக்கேக்க அது சுழலுற குழாய்க்குள்ளால, போகுது, பழைய மோட்டரில அது துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும், அதைக் கழட்டிறதே ஒரு நாள் வேலை. அடுத்தது, பழைய ஒயில் கறுத்தோ பால் மாதிரியோ கிடந்தா லைன் முழுக்கக் கழுவாமல் புதுச் சிலிண்டரைப் பூட்டாதேங்கோ, கறுப்பு எண்டா அரைஞ்ச சீல், பால் எண்டாத் தண்ணி பூந்தது, ரெண்டும் புதுச் சாமானுக்குள்ள போகும். ஹோஸ் பழசெண்டா இதோடயே மாத்துங்கோ. ஜேசிபி, ட்ரக்டர் ஹோஸ் அடிக்கிற இடங்களில அடிப்பிக்கலாம் எண்டு கேக்கினம், பிரஷர் தாங்கும், ஆனா அந்தக் கம்பி வைச்ச ஹோஸும் இரும்பு அந்தமும் உப்பில துருப்பிடிக்கும், பிற்றிங் புரியும் மாறி வரலாம். ஸ்டியரிங் ஹோஸே வாங்குங்கோ.

## வழி 4: ஹைட்ரோலிக்கை விட்டுட்டுக் கேபிளுக்குப் போறது

40 குதிரைவலுவும் அதுக்குக் குறைவும் எண்டா இதை உண்மையா யோசிக்கலாம். வீலே தேவையில்லாமல் மோட்டரின்ர கைபிடியில ஓடுற 18 அடிப் போட்டுகள் குருநகரிலயும் மயிலிட்டியிலயும் எத்தினை நிக்குது, அதுகளுக்கு இந்தக் கேள்வியே இல்லை. கேபிளில ஒயில் இல்லை, காத்து இல்லை, சாமானும் மலிவு, பூட்டுறதும் லேசு, வீல் ஷாஃப்ட் பெரும்பாலும் ஒரே அளவுக் கூம்பெண்டபடியாப் பழைய வீலே பூட்டும்.

ஆனா கேபிளுக்கும் வருத்தம் இருக்கு. ரில்ற் ரியூப்புக்குள்ள உப்பும் காஞ்ச கிறீஸும் சேர்ந்து ஒரு மாசம் ஓடாமல் விட்டாலே இறுகிப்போகும். கிறீஸ் அடிக்கேக்க ரொட்டை உள்ளுக்க இழுத்துவைச்சு அடிக்கோணும், வெளியில நீட்டிக்கொண்டு நிக்க அடிச்சா கிறீஸ் போக இடமில்லாமல் ரொட்டைப் பூட்டிப்போடும். கேபிளை உள்ளுக்குத் திருத்தேலாது, போனா முழுசா மாத்திறதுதான். வலு கூடின மோட்டரில புறொப்பெல்லர் இழுக்கிற இழுவை நேரா வீலுக்கு வரும், நோ ஃபீட்பாக் எண்டு வாற ஹெல்ம் போட்டாக் குறையும், இல்லாமல் போகாது. வாங்கிற செட்டில எத்தினை குதிரைவலு வரைக்கும் எண்டு போட்டிருக்கும், அதைத் தாண்டாதேங்கோ. 115, 150 எண்டு பூட்டின போட்டைக் கேபிளுக்கு மாத்திறது எனக்குத் துண்டற விருப்பமில்லை, அலை பக்கத்தால வாற நேரம் ஓட்டுறவர் கை ஓஞ்சுபோகும்.

## எந்தப் போட்டுக்கு எது

ஆக்களை ஏத்திற போட்டுக்கு வழி 1 ஐ ஒரு நாளும் நிரந்தரமா வைக்காதேங்கோ. நெடுந்தீவுக்குப் போற பாதையில சோழகத்திலயும் வாடையிலயும் அலை எப்பிடியெண்டு ஓடுற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வீல் பிடிக்காமல் மோட்டர் ஒரு பக்கம் பாய்ஞ்சாப் போட் சுத்தும், நிண்டுகொண்டிருக்கிறவை வெளியில விழுவினம். ரொட் நல்லமெண்டா சீல், குழியெண்டாச் சிலிண்டர், ரெண்டுக்கும் நடுவில ஒண்டும் இல்லை. கிட் ஒண்டை முன்கூட்டியே வாங்கி வீட்டில வைச்சிருந்தாக் கரையில நிக்கிற நாள் குறையும்.

தொழிலுக்குப் போற 60, 75 குதிரைவலுப் போட்டெண்டா ரொட் நல்லா இருக்குமட்டும் சீலை மாத்தி மாத்தி ஓடுங்கோ. சிலிண்டர் வாங்க வேண்டி வாற அண்டைக்குத்தான் கேபிளோட ஒப்பிட்டுப் பாக்கோணும். கரையோரமா ஓடுறவருக்குக் கேபிள் காணும், விலகிப் போறவர் ஹைட்ரோலிக்கிலயே நிக்கட்டும். சுற்றுலாப் போட் வருசத்தில பாதி சும்மா கட்டிக் கிடக்கிறதெண்டா கேபிள் இறுகிற பிரச்சினைதான் உங்களுக்குக் கூட வரும், ஹைட்ரோலிக்கை வைச்சுக்கொண்டு மோட்டரை நடுவில நேரா விட்டு ரொட்டை நல்ல தண்ணியால கழுவிவிடுங்கோ.

எதை எடுத்தாலும் போட்டில ஒரு போத்தல் சரியான ஒயில், ஊத்திற ரியூப், பிளீடருக்குப் பொருந்திற சாவி, ஒரு துடுப்பு கிடக்கட்டும். நடுக்கடலில வீல் வேலை செய்யாமல் போனா உடன வேகத்தைக் குறையுங்கோ. மோட்டரைக் கையால தள்ளித் திருப்பப் பாத்தா முதல்ல அசையாது, பம்புக்குள்ள இருக்கிற வால்வ் சிலிண்டரைப் பூட்டி வைச்சிருக்கும். மோட்டரை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு பக்க பிளீடரையும் கொஞ்சம் இளக்கிவிட்டா அல்லது சிலிண்டரை மோட்டரோட பிடிச்சிருக்கிற போல்ற்றைக் கழட்டிவிட்டா மோட்டர் கைக்கு அசையும், அப்பிடியே ஒராள் பின்னுக்கு நிண்டு மோட்டரைப் பிடிச்சுக்கொள்ள, மற்ற ஆள் ஆகக் குறைஞ்ச வேகத்தில ஓட்டி வரலாம். அந்தப் போல்ற்றின்ர சாவி எத்தினையாம் நம்பர் எண்டு கரையில நிக்கேக்கயே பாத்து வைச்சுக்கொள்ளுங்கோ.